கொண்டை போட்டால் பதவி உயர்வு கிடையாதா?

கடிதத்தின் சுருக்கம்: எழுதியவருக்கு 31 வயது. மருத்துவமனைகளுக்கு ஸ்கேன் கருவிகளை விற்றுப் பராமரிக்கும் நிறுவனத்தில் 6 ஆண்டுகளாகச் சர்வீஸ் என்ஜினீயர். இரண்டரை ஆண்டுகளாக முடி வளர்க்கிறார், இப்போது தோளைத் தொடுகிறது. வேண்டுதல், மதம் என்று எந்தக் காரணமும் இல்லை, பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என்கிறார். பழுது பார்ப்பதில் அவர் குழுவிலேயே வேகமான ஆள். மருத்துவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் கருவியை விளக்கிக் காட்டும் பிரிவில் இப்போது ஓர் இடம் காலியாகிறது. விண்ணப்பிக்க 5 வாரம் இருக்கிறது. மேலாளரிடம் பேச்சுவாக்கில் கேட்டபோது, "முதல்ல அந்த முடியை ஒரு வழி பண்ணு, மத்ததை அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். நிறுவனக் கையேட்டில் 'நேர்த்தியான, பணிக்கு ஏற்ற தோற்றம்' என்று ஒரே ஒரு வரிதான் இருக்கிறது. சக ஊழியர் ஒருவர் கூட்டம் தொடங்கும்போதெல்லாம் "மேடம் வந்தாச்சா?" என்று கேட்டுச் சிரிக்கிறார். அவருடைய கேள்விகள் மூன்று. நீள முடி உள்ள பெண்களிடம் கேட்காததை என்னிடம் கேட்பது பாகுபாடுதானே, சட்டம் என் பக்கம்தானே? பேசாமல் வெட்டிவிட்டால் அந்த வேலை கிடைத்துவிடுமா? இறுக்கிக் கொண்டை போட ஆரம்பித்ததிலிருந்து நெற்றியோரம் மெலிகிறதே, என்ன செய்வது?

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் ஒரு கணக்கு. தலைமுடி மாதத்துக்கு ஒன்று அல்லது ஒன்றேகால் சென்டிமீட்டர்தான் வளரும். இன்று பழையபடி குட்டையாக வெட்டிவிட்டு நாளை மனம் மாறினால், இப்போதுள்ள நீளத்துக்குத் திரும்ப இன்னும் இரண்டரை வருடம் ஆகும். மேலாளரிடம் உட்கார்ந்து பேச கால் மணி நேரம் போதும். முடியைக் கட்டும் விதத்தை மாற்ற ஒரு காலைப்பொழுது போதும். இவை சரிப்படாவிட்டால் மறுநாளே மாற்றிக்கொள்ளலாம், கத்திரி வைத்ததை அப்படி மாற்ற முடியாது. அதனால் கையில் இருக்கும் 5 வாரத்தில் கத்திரியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளி வையுங்கள். வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. என்ன கேட்கிறார்கள் என்றே தெரியாமல் வெட்ட வேண்டாம் என்கிறேன்.

ஏனென்றால் உங்களுக்கு இன்னும் அது தெரியாது. "ஒரு வழி பண்ணு" என்பதை நீங்கள் 'வெட்டு' என்று எடுத்துக்கொண்டீர்கள். கடிதத்தை இரண்டு முறை படித்தும் அவர் அப்படிச் சொன்னதாக எனக்குப் படவில்லை. வேலை முடிந்து வரும்போது அவிழ்ந்து தொங்குவதைச் சொல்லியிருக்கலாம். ஒரு வாடிக்கையாளர் ஏதோ சொன்னதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். அந்த இடத்துக்கு வேறொருவரை நினைத்து வைத்துக்கொண்டு, கைக்கு அகப்பட்ட சாக்கைச் சொல்லியிருக்கவும் கூடும். இந்தக் கடைசிக் காரணம் உண்மையானால் மொட்டை அடித்துக்கொண்டு போனாலும் அந்த வேலை கிடைக்காது. 'வெட்டினால் கிடைத்துவிடும்' என்ற கணக்கில் இருக்கும் ஓட்டை இதுதான்.

மேலாளரிடம் கேட்க வேண்டியது

இந்த வாரத்துக்குள் 15 நிமிடம் நேரம் கேளுங்கள். வருடாந்திர மதிப்பீட்டுக் கூட்டத்தோடு இதைச் சேர்க்க வேண்டாம், அங்கே எல்லாம் மதிப்பெண்ணாகிவிடும். நடைபாதையிலும் வேண்டாம், அங்கே கேட்டால் இன்னொரு மழுப்பல்தான் கிடைக்கும். பேச்சை முடியில் தொடங்காமல் பதவியில் தொடங்குங்கள்: "சார், அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கப் போறேன். அதுக்கு என்கிட்ட எது போதும், எது போதாதுன்னு நீங்க நினைக்கிறதைச் சொல்லுங்க." அவர் சொல்லி முடித்த பிறகு: "அன்னைக்கு முடியைப் பத்திச் சொன்னீங்க. நீளத்தைச் சொன்னீங்களா, வச்சிருக்கிற விதத்தைச் சொன்னீங்களா? வாடிக்கையாளர் யாராவது ஏதாவது சொன்னாங்களா?" இவ்வளவுதான் கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். எதிரே இருப்பவர் தயங்கும் அந்த நாலு வினாடியை நம் ஆட்கள் பொறுக்காமல், 'வேணும்னா வெட்டிடறேன் சார்' என்று தாங்களே நிரப்பிவிடுகிறார்கள். பேரம் தொடங்கும் முன்பே தோற்பது அப்படித்தான்.

"விதத்தைத்தான் சொன்னேன்" என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது, அதற்கு என்ன செய்வது என்று கீழே எழுதியிருக்கிறேன். "வாடிக்கையாளர் சொன்னார்" என்றால் என்ன சொன்னார், எந்தச் சந்தர்ப்பத்தில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலும் ஒரே ஒருவர் ஒரே ஒரு முறை சொன்னதாக இருக்கும். "நீளமே கூடாது" என்றால், அது நிறுவன விதியா, அவருடைய கருத்தா என்று பணிவாகக் கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா சொன்னேன்" என்று நழுவினால், "அப்ப விண்ணப்பத்துக்கு அது தடையில்லைன்னு எடுத்துக்கலாமா?" என்று ஒரு முறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அன்று மாலையே அவருக்கு நாலு வரி மின்னஞ்சல் அனுப்புங்கள். 'நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. நான் புரிந்துகொண்டது இது: கருவி விளக்கத்தில் இன்னும் பயிற்சி வேண்டும், தோற்றத்தில் முடியை எப்போதும் கட்டி வைக்க வேண்டும். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள்.' குற்றச்சாட்டுத் தொனி துளியும் வேண்டாம். அவர் பதில் போட்டாலும் போடாவிட்டாலும், தேதியோடு ஒரு பதிவு இருக்கும்.

சட்டம் உங்கள் பக்கம்தானா?

இங்கேதான் உங்களுக்கு ஏமாற்றம் தர வேண்டியிருக்கிறது. 'பெண்களுக்கு அனுமதி, எனக்கு இல்லை, ஆகவே பாகுபாடு' என்பது கேட்க நியாயமாக இருக்கிறது. நீதிமன்றங்கள் பல இடங்களில் இதை ஏற்கவில்லை. அமெரிக்காவில் ஒரு செய்தித்தாள் நிறுவனம் நீள முடிக்காக ஓர் ஆணுக்கு வேலை மறுத்த வழக்கில், 1975-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. முடி நீளம் பிறவிக் குணமல்ல, மாற்றிக்கொள்ளக்கூடியது என்பது அதன் வாதம். பிரிட்டனில் பல்பொருள் அங்காடியில் வேலை பார்த்தவர் போனி டெயிலுக்காக நீக்கப்பட்ட வழக்கிலும் 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையே செய்தது. ஒவ்வொரு விதியையும் தனித்தனியே ஒப்பிடக் கூடாது, இரு பாலருக்குமான தோற்ற விதிகளை மொத்தமாகப் பார்த்து ஒரு பக்கம் மட்டும் பாரம் கூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றது. ஜெர்மானிய ராணுவ விஷயம் இன்னும் வேடிக்கை. ஆண் சிப்பாய்களுக்கான முடி விதி செல்லும் என்று 2013-இல் சொன்ன கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமே, 2019-இல் அதற்குப் போதிய சட்ட அடிப்படை இல்லை என்றது. ஆனால் புதிய சட்டம் வரும்வரை பழைய விதியைத் தொடரவும் விட்டது. வாதம் ஜெயித்தும் முடி ஜெயிக்கவில்லை!

மறுபக்கமும் உண்டு. நியூயார்க் நகர மனித உரிமை ஆணையம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டல், ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்று தோற்ற விதி வைப்பதையே தடுக்கிறது. மத நம்பிக்கைக்காக முடி வளர்ப்பவர்களுக்குப் பல நாடுகளில் தனிப் பாதுகாப்பு இருக்கிறது. பிடித்திருக்கிறது என்பதற்காக வளர்க்கும் உங்களுக்கு அந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அதற்காக இல்லாத மதக் காரணத்தை இப்போது உண்டாக்காதீர்கள், இரண்டரை வருடம் எல்லோரிடமும் வேறு சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை அங்குள்ள தொழிலாளர் சட்ட வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் பேசித் தெரிந்துகொள்ளுங்கள். போகும்போது நியமனக் கடிதம், கையேடு, மேலே சொன்ன மின்னஞ்சல் மூன்றையும் கொண்டு போங்கள்.

வழக்கைவிட உங்களிடம் கூர்மையான ஆயுதம் கையேட்டின் அந்த ஒற்றை வரி. அதில் நீளம் பற்றி ஒரு சொல் இல்லை. மனிதவளத் துறைக்கு எழுத்தில் ஒரே ஒரு கேள்வி அனுப்புங்கள்: 'கட்டி வைக்கப்பட்ட நீள முடி கையேட்டின் இந்த வரிக்குப் பொருந்துகிறதா?' புகாராக எழுத வேண்டாம், விளக்கம் கேட்பதாக எழுதுங்கள். எழுதப்படாத ஒரு தடையைத் தன் கையெழுத்தோடு எழுத அவர்கள் தயங்குவார்கள். அந்தத் தயக்கம் உங்களுக்கு லாபம். பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளரைச் சந்திக்கும் ஊழியர்களுக்கே விதியைத் தளர்த்தியிருப்பதையும் தேவைப்பட்டால் சொல்லலாம். ஆண்களின் முடி காலருக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வைத்திருந்த யூபிஎஸ் கூரியர் நிறுவனம் 2020-இல் அதைக் கைவிட்டது. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2022-இல் விமானப் பணியாளரான ஆண்கள் கொண்டை போட அனுமதித்தது. இதைப் பேச்சின் தொடக்கத்திலேயே எடுக்காதீர்கள், பாடம் எடுப்பது போல ஆகிவிடும்.

'மேடம்' என்கிறவர் கதை வேறு. முடி நீளத்தில் சட்டம் தள்ளாடினாலும், ஒருவரைப் பாலினத்தைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேலி செய்வது பெரும்பாலான நிறுவனங்களின் நடத்தை விதிகளில் நேரடியாகவே குற்றம். நீங்கள் புகார் கொடுப்பதானால் உறுதியான தரை அதுதான். நீங்களோ முடியைப் பற்றிப் புகார் எழுத நினைக்கிறீர்கள், கேலியைச் சிரித்துக் கடந்துவிடுகிறீர்கள். அதைத் தலைகீழாகத் திருப்புங்கள். முதலில் தனியாக அழைத்து, "அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கல, நிறுத்திக்கோங்க" என்று ஒரே ஒரு முறை, சிரிக்காமல் சொல்லுங்கள். தொடர்ந்தால் தேதி, கூட்டம், சொன்ன வார்த்தை, உடன் இருந்தவர்கள் என்று குறித்து வையுங்கள். மூன்றாவது குறிப்போடு மனிதவளத் துறைக்குப் போகலாம்.

கட்டும் விதம்

'திறமை இருந்தால் போதாதா?' என்று நீங்கள் நினைக்கலாம். பழுது பார்க்கும் வேலையில் போதும், கருவி ஓடினால் யாரும் தலையைப் பார்க்க மாட்டார்கள். விளக்கிக் காட்டும் வேலையில் எதிரே இருப்பவர் முதல் சில நிமிடம் உங்களைத்தான் பார்க்கிறார். நீளம் அவரை உறுத்துவது அரிது. பிசிறு உறுத்தும், அடிக்கடி கையால் ஒதுக்குவது அதைவிட உறுத்தும்.

பிடரியில், காது மடலின் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ ஒற்றைக் கட்டாகக் கட்டுங்கள். உச்சிக் கொண்டை வார இறுதிக்கு இருக்கட்டும். ரப்பர் பேண்டு வேண்டாம், துணி சுற்றிய பட்டையாக, முடியின் நிறத்திலேயே வாங்குங்கள். காதோரமும் நெற்றியிலும் பறக்கும் குட்டி முடிகளுக்குப் பயறளவு கிரீமை உள்ளங்கையில் தேய்த்து, மேலாக ஒரு தடவு தடவினால் போதும். அதிகம் போட்டால் எண்ணெய் வழிவது போலத் தெரியும். நுனியை 10 அல்லது 12 வாரத்துக்கு ஒரு முறை ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் நறுக்குங்கள். பிடரிக் கோட்டையும் கிருதாவையும் மாதம் ஒரு முறை சுத்தம் செய்யுங்கள். இது பலரும் விடும் இடம். முடி வளர்க்கிறோம் என்று முடிவெட்டுபவரிடம் போவதையே நிறுத்திவிடுகிறார்கள். கழுத்தில் இறங்கிய பூனைமுடியும் ஒழுங்கற்ற தாடியும் சேர்ந்துதான் 'நீள முடி' என்ற கெட்ட பெயரை வாங்கித் தருகின்றன.

தலைக்குக் குளிப்பது வாரம் இரண்டு, மூன்று முறை போதும். ஷாம்பு தலைத்தோலுக்கு, கண்டிஷனர் காதுக்குக் கீழே உள்ள முடிக்கு. ஈர முடி எளிதில் இழுபட்டு அறும், அதனால் துண்டால் முறுக்கிப் பிழியாமல் ஒற்றி எடுங்கள். அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே போங்கள். ஈரத்தோடு கட்டிக்கொண்டு அலுவலகம் ஓடாதீர்கள். உள்ளே காயாமல் மதியத்துக்குள் வாடை வரும், கட்டிய இடத்தில் அறுந்தும் போகும்.

காணொளிக் கூட்டமானால் இன்னொன்று. ஹெட்செட் மைக்கின் மீதோ சட்டையில் குத்திய மைக்கின் மீதோ முடி உரசினால், கேட்பவர் காதில் 'கரகர' என்று விழும். நீங்கள் அதைக் கேட்கவே மாட்டீர்கள். கட்டிவிட்டு 30 வினாடி பதிவு செய்து, தலையை இருபுறமும் திருப்பிப் பேசிக் கேட்டுப் பாருங்கள்.

பாதுகாப்பில் பேரம் இல்லை

நீள முடியை எதிர்ப்பவர்களின் கையில் இருக்கும் ஒரே நியாயமான வாதம் இது. அதை அவர்கள் எடுக்கும் முன் நீங்களே எடுத்துவிடுங்கள். சுழலும் பாகம் உள்ள எந்தக் கருவியின் உறையைத் திறந்தாலும் போனி டெயில் போதாது. குனியும்போது முன்னால் விழும், தண்டில் சுற்றினால் தலையோடு இழுக்கும். பின்னலும் ஆபத்துதான், ஒரு நுனி சிக்கினால் மொத்தமும் போகும். சுருட்டிப் பின்கழுத்தில் ஒட்டவைத்து, அதன் மேல் வலையோ தொப்பியோ போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறையின் காந்தம், ஸ்கேன் ஓடாதபோதும் விழித்தே இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் முடி வளர்த்த பிறகு உங்களிடம் சேர்ந்த புதுச் சாமான்களைக் கணக்கில் எடுத்தீர்களா? ஹேர்பின், கிளிப், சில முடிப் பட்டைகளின் இணைப்பில் இருக்கும் குட்டித் தகரத் துண்டு எல்லாமே அங்கே காந்தம் இழுத்துப் பறக்கவிடும் எறிபொருள்கள். வேலைப் பையில் உலோகமே இல்லாத பட்டை இரண்டு தனியாக வையுங்கள். அறுவை அரங்குக்குள் போகும்போது முடி முழுவதும் தொப்பிக்குள் போக வேண்டும், பிடரிக் கட்டும் சேர்த்து. சாதாரணத் தொப்பி கட்டை மூடாவிட்டால் பெரிய அளவைக் கேட்டு வாங்குங்கள். மேலாளரிடம் பேசும்போது இந்த ஏற்பாட்டை இரண்டு வரியில் நீங்களாகவே சொன்னால், அவர் மனதில் இருக்கும் பாதிக் கவலை வெளியே வராமலே கரைந்துவிடும்.

நெற்றியோரம் மெலிவது

நான் தொழில் ஆலோசகன், மருத்துவன் அல்ல. ஆனாலும் தள்ளிப்போடாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே இடத்தில் தினமும் இறுக்கி இழுத்தால் வேர் நலிந்து முடி கொட்டும் நிலை ஒன்று உண்டு. கட்டை அவிழ்த்ததும் தலைத்தோல் வலிப்பது, முடியோரம் சிறு கொப்புளங்கள், நெற்றிப்பொட்டுப் பக்கம் உடைந்த குறுமுடிகள் ஆகியவை அதன் அறிகுறிகள். ஆரம்பத்தில் இழுப்பை நிறுத்தினாலே திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேரிடத்தில் தழும்பாகி நிரந்தரமாகிவிடும். பரம்பரை வழுக்கையின் தொடக்கமாகவும் இருக்கலாம், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நீள முடியால் வழுக்கை விழும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எல்லோருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிரும், உங்களுடையது நீளமாக இருப்பதால் வடிகாலை அடைத்துக்கொண்டு கண்ணில் படுகிறது.

இறுக்கினால்தான் ஒழுங்காகத் தெரியும் என்று நினைத்துத்தான் இதைத் தொடங்கியிருக்கிறீர்கள். கட்டிய பிறகு புருவத்தை உயர்த்திப் பாருங்கள். நெற்றியோரம் சுண்டி இழுத்தால் அது அதிக இறுக்கம். ஒரு விரல் நுழையும் அளவு தளர்த்தி, கட்டும் இடத்தை நாளுக்கு நாள் கொஞ்சம் மேலே கீழே மாற்றுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் அவிழ்த்துவிடுங்கள்.

கடைசி வாரம்

இத்தனைக்கும் பிறகு, நீளமே கூடாது என்பதுதான் எழுத்தில் வந்த பதில் என்றால், அப்போது கேள்வி உங்களுடையது: அந்தப் பதவி பெரிதா, இந்த முடியா? இரண்டில் எதைச் சொன்னாலும் தப்பில்லை. ஆனால் 'வெட்டினால் தருவீர்களா?' என்று பேரம் பேசாதீர்கள். யாரும் எழுத்தில் உறுதி தர மாட்டார்கள், வாய்வார்த்தையை நம்பி வெட்டியவர்கள் கடைசியில் மனக்கசப்போடுதான் நிற்கிறார்கள். வெட்டுவதானால் நேர்காணலுக்கு ஒரு வாரம் முன்பே வெட்டுங்கள், புதுத் தலை உங்களுக்கே பழக வேண்டும். ஒரேயடியாகக் குட்டையாக்காமல் முதலில் காலர் வரை நிறுத்திப் பாருங்கள், பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. வெட்டிய முடியைத் தானம் செய்ய விருப்பமிருந்தால், சேர்க்கும் அமைப்பிடம் குறைந்தபட்ச நீளத்தைக் கேட்டுக்கொண்டு, நன்றாகக் காய்ந்த முடியை இரண்டு மூன்று கட்டாகப் பிரித்துக் கட்டி, கட்டுக்கு மேலே வெட்டச் சொல்லுங்கள். தரையில் விழுந்ததைக் கூட்டி எடுத்துக் கொடுக்க முடியாது.

வெட்டவில்லை என்றால், நாளைக் காலை போனதும் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் அடையாள அட்டையிலும் நிறுவன மின்னஞ்சலிலும் இன்னும் 6 வருடத்துக்கு முந்தைய குட்டை முடிப் படம்தான் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் காவலர் அந்தப் படத்தையும் உங்களையும் மாறி மாறிப் பார்க்கிறார், பக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளரும் பார்க்கிறார். முடியைக் கட்டி, வெளிச்சத்தைப் பார்த்து நின்று, காது தெரிய ஒரு புதுப் படம் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.